நான் இட்டு நிரப்பிய சொற்கள்

இன்று காலை எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் நாள். நான்கு வீடு தள்ளி நடைபாதை ஓரத்தில் ஒரு கலைக்களஞ்சியத்தை முழுதாக வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மூன்று அட்டைப் பெட்டிகள். ஒன்றின் மேல் பெரிய எழுத்தில் 'இலவசம்' என்று எழுதியிருந்தது. ராத்திரி பெய்த மழையில் அந்த மையும் கரைந்து ஒழுகியிருந்தது. கார்க் கண்ணாடியை இறக்கியதும், ஊறிப்போன ரெக்ஸின் அட்டையும் வழவழப்புத் தாளும் கலந்த ஒரு வாடை உள்ளே வந்தது. இப்போதெல்லாம் எல்லாம் ஒரு சிடியில் அடங்கிவிடுகிறது. வீட்டுக்கு வீடு இதைத்தான் செய்கிறார்கள்.

நீ இருந்திருந்தால் நடுத்தெருவில் காரை நிறுத்தியிருப்பாய். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும் என்று மூன்று பெட்டியையும் தூக்கிப் போட்டிருப்பாய். நான் நிறுத்தவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு பிரின்ஸ்டன் ஜங்ஷன் வரை ஓட்டிப் போய், இறங்காமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ரயில் வந்தது, போனது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று இவ்வளவு நாள் தோன்றாமல் போனது ஏன் என்று தெரியவில்லை. தோன்றியிருக்கும். பயமாக இருந்திருக்கும்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது எடிசனில், கம்பெனி கொடுத்த கெஸ்ட் ஹவுஸில். ஆறு பேருக்கு ஒரு ரைஸ் குக்கர். நீ தாராபுரம், நான் விருதுநகர். நாங்களெல்லாம் டிரைவிங் லைசென்ஸ் எப்போது கிடைக்கும் என்று அலைந்துகொண்டிருந்தபோது நீ மட்டும் முதல் வாரமே பப்ளிக் லைப்ரரியில் கார்டு வாங்கிவிட்டாய். எஞ்சினியரிங் படித்தவன் வரலாற்றுப் புத்தகமாக அள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு எனக்கும் கல்யாணமாகி, நீயும் சுமதியைக் கட்டிக்கொண்டு வந்து, வெஸ்ட் வின்ட்சரில் அடுத்தடுத்த வளாகங்களில் வீடு எடுத்தோம். அங்கே வந்த பிறகுதான் உனக்கு அந்தப் பித்து பிடித்தது.

அமெரிக்காவில் அச்சான முதல் பெரிய கலைக்களஞ்சியம். ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஓர் அச்சுக்காரர் பிலடெல்பியாவில் அதைப் போட்டார். எடின்பரோவில் அப்போது வந்துகொண்டிருந்த களஞ்சியத்தை எடுத்து, கேட்காமலே மறு அச்சுச் செய்தார். நாடு பிறந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. அதைப் பார்க்க நீ சனிக்கிழமைதோறும் டிரென்டனில் வண்டி மாறி பிலடெல்பியா போனாய். ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனாய்.

அந்தப் பழைய நூலகத்தில் பேனாவை வாசலிலேயே வாங்கிக்கொண்டு ஒரு பென்சில் கொடுத்தார்கள். பஞ்சுத் திண்டின் மேல் புத்தகத்தைப் படுக்க வைத்தார்கள். ஏதோ நோயாளியைக் கிடத்துவதுபோல இருந்தது எனக்கு. நீ முதல் பக்கங்களைத் திருப்பிக் காட்டினாய்.

"எடின்பரோ புத்தகத்துல இந்த எடத்துல ராஜாவுக்குச் சமர்ப்பணம்னு இருக்கும் மாப்ள. இவன் ராஜாவையே தூக்கிட்டான் பாரு."

"காப்பி அடிச்சவனுக்கு இவ்வளவு ரோஷமா?"

"காப்பிதான். ஆனா அமெரிக்காங்கற கட்டுரையை மட்டும் இங்க இருக்கற ஆளை வெச்சுப் புதுசா எழுத வெச்சிருக்கான். நம்மளப் பத்தி நாமதான் சொல்லோணும்னு நெனச்சிருக்கான்ல? அதுக்கு முன்னாடி வரைக்கும் பண்ணைக்காரன் வீட்டுல என்ன இருந்துச்சு? ஒரு பைபிள். அப்பறம் ஒரு பஞ்சாங்கம், அதுவும் நம்ம ஊர்ல மாதிரியே ஆணியில கயிறு கட்டித் தொங்கும். எப்ப விதைக்கறது, எப்ப மழை வரும், பல்வலிக்கு என்ன பண்றது, எல்லாம் அதுலதான். அந்தக் கயித்துல இருந்து இந்தப் புஸ்தகத்துக்கு எப்படி வந்தான்னு எழுதப் போறேன். தமிழ்ல."

யார் படிப்பார்கள் என்று கேட்டேன். படிக்கிறவன் பேரை முன்கூட்டியே தெரிந்துகொண்டு எவன் எழுதுவான் என்றாய். உன் அச்சுக்காரர் சந்தாதாரர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதானே தொடங்கினார் என்றேன். நீ சிரித்த சிரிப்பில் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்மணி நம்மை நிமிர்ந்து பார்த்தார்.

அதே மேஜையில்தான் இரண்டு வருஷம் கழித்து உன் கையிலிருந்து பென்சில் நழுவியது. கம்ப்யூட்டரில் தட்டித் தட்டி வந்த வலி என்று நினைத்தாய். மணிக்கட்டுக்குப் பட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாய். பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பிறகு படியில் கால் தடுக்கியது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக டாக்டர்கள். கடைசியில் நரம்பு டாக்டரைப் பார்க்கப் போன அன்று நான்தான் கார் ஓட்டினேன். சுமதி, நீ, நான், மூன்று பேரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். அந்த டாக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னார். தசையை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும், அறிவுக்கும் கண்ணுக்கும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார். ஏன் வருகிறது என்று சுமதி கேட்டாள். தெரியாது என்றார். குணமாக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது, வேகத்தைக் கொஞ்சம் குறைக்க ஒரு மாத்திரை இருக்கிறது என்றார்.

திரும்பி வரும்போது பின் சீட்டில் சுமதி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டிருந்தாள். நீ முன்னால் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"அந்தப் பிலடெல்பியா புஸ்தகத்துல மருத்துவம்னு நீளமா ஒரு கட்டுரை இருக்குது மாப்ள. எல்லாத்துக்கும் மருந்து போட்டிருக்கான். ரத்தத்தை எடு, பேதிக்குக் குடு. தெரியாதுன்னு நான் பாத்த வரைக்கும் ஒரு எடத்துலயும் சொல்லல." கொஞ்ச தூரம் போன பிறகு, "இருநூறு வருஷத்துல இவங்க கத்துக்கிட்டது இதுதான். தெரியாதுன்னு சொல்றதுக்கு."

உன் குரல் முதலில் குழறியது, பிறகு சுமதிக்கு மட்டும் புரிந்தது, பிறகு அவளுக்கும் புரியவில்லை. பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஓர் ஆங்கில எழுத்துப் பலகையைக் கொடுத்துவிட்டுப் போனாள். வரிசை வரிசையாக நாங்கள் விரலை ஓட்ட வேண்டும். சரியான இடத்தில் நீ கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடித் திறந்தால் இல்லை. காவ்யாவோடு அதில்தான் பேசினாய். உன் மகளுக்கு அப்போது ஐந்து வயது. எழுத்துக் கூட்டத் தெரியும். 'ஈட் யுவர் பீன்ஸ்' என்று நீ சொன்னதைப் படித்துவிட்டு, "நோ வே, அப்பா!" என்று ஓடினாள். சுமதி எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

ஆனால் புத்தகத்தைத் தமிழில்தான் சொல்வேன் என்றாய். அதையும் ஆங்கிலப் பலகையில்தான் சொன்னாய். டி, ஏ, எம்.

"இருநூத்தி நாப்பத்தேழு எழுத்தையும் எப்படீங்ணா அட்டையில எழுதறது?" என்று சுமதி தவித்தாள். எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, மொத்தம் முப்பது. ஆறு கட்டமாக ஐந்து வரிசை. முதலில் மெய், பிறகு உயிர். 'கி' வேண்டுமென்றால் மூன்றாம் வரிசையில் முதல் கட்டம், பிறகு முதல் வரிசையில் மூன்றாம் கட்டம். புள்ளி வைக்க இரண்டு முறை மேலே பார்க்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளை அட்டையில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி உன் முன்னால் பிடித்தேன். நீ முதலில் சொன்னது, 'எழுத்து கோணல்.'

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு உட்காருவோம். ஐந்து மணிக்குள் ஐந்து வரி தேறும். நல்ல நாளில் எட்டு. உன் பென்சில் குறிப்புகளைப் பிரித்துப் பார்த்தோம். கடைசி ஒரு வருஷத்து எழுத்து கோடு கோடாகக் கிடந்தது. உனக்கு மட்டும்தான் அது படிக்கத் தெரியும். அதனால் உன் தலைக்குள் இருப்பதை எழுத்து எழுத்தாக வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அச்சுக்காரரின் அத்தியாயத்தை நீ முதலில் எடுத்துக்கொண்டாய். பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்த வருஷம். வசதியுள்ளவர்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். அந்த வருஷமே அவர் கடையில் தீயும் பிடிக்கிறது. களஞ்சியம் பாதியில் நிற்கிறது. மனிதர் விடவில்லை. அதற்குப் பிறகும் தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்து முடிக்கிறார். அந்தக் கடை எரிந்ததற்கு மறுநாளிலிருந்து எழுத வேண்டும் என்று உனக்கு ஆசை.

'அவர் மறுபடி எழு' என்று சொல்லி நிறுத்தினாய். மூச்சு வாங்கியது. உனக்குச் சிரமம் வேண்டாமே என்று நான் முந்திக்கொண்டேன்.

"எழுதினார்?"

கண்ணை மூடினாய்.

"எழுந்தார்?"

மூடினாய். மறுபடி பலகையைப் பிடித்தேன். 'எழுத்து வாங்கினார்.' அச்செழுத்து! ஈயத்தில் வார்த்த எழுத்து. நான் தலையில் அடித்துக்கொண்டேன். உன் கண் சிரித்தது. வாய் சிரிக்க முடியாத முகத்தில் கண் மட்டும் சிரிப்பதைப் பார்க்க முடியாமல் நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அப்படி முந்திக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பத்துக்கு ஏழு முறை சரியாக இருந்தது. நேரம் மிச்சமானது. அந்த வருஷம் ஆபீஸில், இரண்டாயிரம் பிறப்பதற்குள் கம்ப்யூட்டர்களைத் திருத்துகிற ஒய்-டூ-கே வேலை கழுத்தைப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்கூட இடுப்பில் பேஜர் துடிக்கும். மூன்று மணி நேரம் இரண்டாகச் சுருங்கியது. நான் இரண்டாம் எழுத்திலேயே சொல்லை ஊகிக்கத் தொடங்கினேன். சில சமயம் முதல் எழுத்திலேயே.

ஒரு நாள், 'ஊரே காலியானது. நகரம் அ' என்றாய்.

"அமைதியானது?" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். மேலே பார்க்கவில்லை, மூடவும் இல்லை. என்னையே பார்த்தாய். நான் 'அமைதியானது' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டுக் கிளம்பினேன். சுமதி வாசல்வரை வந்தாள்.

"அண்ணா, அவரு கண்ணை மூடலீங்க. ஆனா ஆமான்னும் சொல்லலீங்க."

"சொன்னான்மா. எனக்குத் தெரியும்ல?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காரில் போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நகரம் அழுதது என்று சொல்ல வந்திருக்கலாம். அடங்கியது. அஞ்சியது. நீ சொல்லக்கூடிய சொல் அழுகியது. மஞ்சள் காய்ச்சல் வந்த ஊரை நீ அமைதியானது என்று எழுதுவாயா? அடுத்த வாரம் கேட்டுத் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் உனக்குச் சளி. அதற்கடுத்த வாரம் எனக்கு வேலை. அதற்கடுத்த வாரம் உட்கார்ந்தபோது நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கு முன் எத்தனை சொற்களில் நீ அப்படிப் பார்த்தாய் என்றும் கேட்க வேண்டியிருக்கும்.

இலையுதிர் காலத்தில் உனக்கு நிமோனியா வந்தது. மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போட வேண்டாம் என்பதை நீ முன்பே பலகையில் சொல்லி, சுமதி அதைத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு நான் ஓடி வந்தபோது நீ முழித்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் உன் கண் என் கையைத் தேடியது. என் கையில் ஒன்றுமில்லை. நம் பலகை உன் வீட்டு சோபாவின் மேல் கிடந்தது. சுமதி ஆம்புலன்ஸில் வந்தவள், அவள் எப்படி எடுத்திருப்பாள்? நான் உன் வீட்டைத் தாண்டித்தான் வந்தேன். எனக்குத் தோன்றவில்லை.

நர்ஸ் ஓர் ஆங்கிலப் பலகையைக் கொண்டுவந்தாள். பிடித்தேன். நீ கண்ணை மூடினாய். "அவசரத்துக்கு இதுல சொல்லுடா" என்றேன். மூடிய கண்ணைத் திறக்கவில்லை.

பலகையை எடுக்கப் போனேன். ரூட் ஒன் நெடுஞ்சாலையில் ஏதோ விபத்து, ஒரு லேன்தான் திறந்திருந்தது. முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாக நின்றன. ஸ்டியரிங்கைக் குத்தினேன். அதனால் என்ன ஆகும்? ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது மூச்சுத் திணறலுக்கு மருந்து கொடுத்து உன்னைத் தூங்க வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை, ஒன்பது மணி இருக்கும், நீ கண் விழித்தாய். சுமதி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பலகையைப் பிடித்தேன். இந்த முறை ஓர் எழுத்தும் முந்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஐந்தாம் வரிசை. இரண்டாம் கட்டம். பிறகு முதல் வரிசை. மூன்றாம் கட்டம். வி. வெகுநேரம் இடைவெளி. மூன்றாம் வரிசை. ஐந்தாம் கட்டம். முதல் வரிசை. ஐந்தாம் கட்டம். டு.

விடு.

நான் காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன். கை வலிக்க வலிக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உன் கண் பலகையிலிருந்து நகர்ந்து சுமதியிடம் போய், அங்கேயே நின்றது. பிறகு மூடியது. சாயங்காலம் நீ போய்விட்டாய்.

அது முழுச் சொல்லா, பாதிச் சொல்லா? 'விடு' என்றால், போதும், விட்டுவிடு என்கிறாயா? எதை? புத்தகத்தையா, உன்னையா? இல்லை, 'விடுபட்டவை' என்று தொடங்கினாயா? உன் அச்சுக்காரரும் கடைசித் தொகுதி முடிந்த பிறகு, விட்டுப்போனவற்றைத் திரட்டித் தனியாகத் துணைத் தொகுதிகள் போட்டார் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அவர் உயிரோடு இருந்தார், போட்டார். நீ என்ன விட்டாய் என்று நான் யாரிடம் கேட்பது?

சுமதி காவ்யாவை அழைத்துக்கொண்டு டெக்சாஸுக்குப் போய்விட்டாள். ஆலன் என்கிற ஊரில் அவள் அண்ணன் வீட்டுக்கு அருகில் இருக்கிறாள், ஒரு டேகேரில் வேலை பார்க்கிறாள். உன் நோட்டுகளை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு, இது நீ முழுக்கச் சொன்ன சொல், இது நான் ஊகித்து நீ மேலே பார்த்த சொல், இது தெரியாது என்று பிரித்துக் குறிக்கத் தொடங்கினேன். நான்கு பக்கம் தாண்டவில்லை. எல்லாம் என் கையெழுத்து. ஒரே மை. எதுவும் நினைவுக்கு வரவில்லை.

போன மாதம் சுமதி போன் செய்தாள். சென்னையில் யாரோ தெரிந்தவர் பதிப்பகம் வைத்திருக்கிறாராம்.

"வந்தவரைக்கும் ஒரு சின்னப் புஸ்தகமாப் போட்ரலாங்களாண்ணா? காவ்யா பெருசானா கையில குடுக்கறதுக்கு."

அப்போதுதான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அதில் எவ்வளவு அவன் எழுத்து, எவ்வளவு என் எழுத்து என்று எனக்கே தெரியாதம்மா என்றேன். அன்றைக்கு வாசலில் அவள் சொன்னது சரி, நான் சொன்னது பொய் என்றேன்.

மறுமுனையில் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீங்க அவசரப்படறது அவருக்குத் தெரியாதுங்களா? தெரியுமுங்க. நான்கூட வேண்டாங்க, வேற யாரையாச்சும் கேக்கலாமுங்கன்னு சொன்னேன். வேண்டாம்னு கண்ணை மூடிட்டாருங்க. ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா காலைலயே ஷேவ் பண்ணி விடுன்னு சொல்லுவாரு. அந்தச் சட்டை வேண்டாம், இந்தச் சட்டைம்பாரு. ஒன்னரை மணியில இருந்து வாசலையே பாத்துட்டு உக்காந்திருப்பாருங்க."

இதை அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அது எனக்குத் தெரிகிறது. ஆனால் அந்த ஒன்றரை மணியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? இரண்டே கால், இரண்டரை என்று எத்தனை நாள் தாமதமாக வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் பலகையைத் தூக்கியிருக்கிறேன்.

புத்தகத்துக்கு நான் பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. "காவ்யா உங்களோட பேசணுமுங்கறா" என்று போனைக் கொடுத்தாள். உன் மகளுக்கு எட்டு வயதாகிறது. தமிழ் புரிகிறது, வாயில் ஆங்கிலம்தான் வருகிறது. அன்று என்னவோ தமிழில் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள்.

"அங்கிள், அப்பா வந்து... எனக்கு... டெய்லி ஒரு... ஒரு..."

சொல் கிடைக்கவில்லை. என் நாக்கு நுனியில் நான்கைந்து சொற்கள் வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். அவள் பின்னால் எங்கோ டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் மூச்சு கேட்டது. எவ்வளவு நேரம் ஆனாலும் இருப்பேன் என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"நெவர் மைண்ட், அங்கிள்," என்றாள். போன் சுமதியின் கைக்குப் போய்விட்டது.

நீ விட்டுப்போன பாதிச் சொல் ஒன்று. உன் மகள் விட்டுப்போன பாதி வாக்கியம் ஒன்று. இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. முந்தினாலும் தப்பாகிறது, காத்திருந்தாலும் கை நழுவிவிடுகிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை, மாப்ள.